சிகாரியோவில் துப்பாக்கி இருக்கிறது, பேரேடு எங்கே?

கேள்வி: காரைக்குடி வாசகர் ஒருவர், 2024 ஜூன் 8, இரவு 9.15

போதைப்பொருள் கடத்தலைப் பற்றிய மிகச் சிறந்த படம் என்று பலரும் சொன்னதால் 2015இல் வந்த சிகாரியோ என்ற ஹாலிவுட் படத்தைப் பார்த்தேன். இரண்டு மணி நேரமும் ஆட்கள் செத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு பொட்டலம்கூடக் கண்ணில் படவில்லை. சரக்கைக் காட்டாமல் பிணத்தை மட்டும் காட்டுகிற படத்தைச் சரக்குத் தொழிலைப் பற்றிய படம் என்று எப்படிச் சொல்வது? வன்முறையை விற்பதற்கு அது ஒரு சாக்குத்தானே?

பதில்: ஜூன் 8, இரவு 11.40

சாக்கு இல்லை என்பது என் கட்சி. சரக்குத் தொழிலில் கொடுத்த கடனைக் கேட்டு யாரும் நீதிமன்றப் படியேற முடியாது. சட்டம் தடுத்த பொருளை வைத்துச் செய்த ஒப்பந்தம் செல்லாது என்று நம் நாட்டில் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 23ஆம் பிரிவிலேயே சொல்லிவிடுகிறது. ஆகவே வக்கீல் நோட்டீஸ், ஜப்தி, ஏலம் ஆகிய மூன்றின் வேலையையும் அங்கே துப்பாக்கி ஒன்றே செய்தாக வேண்டும். மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகரத்துக்குள் வண்டிகள் நுழையும்போது பாலத்தில் கட்டித் தொங்கவிடப்பட்ட உடல்களைக் காட்டுகிறார்களே, அது ஒரு தண்டோரா. பாக்கி வைத்திருக்கிறவன் அண்ணாந்து பார்த்தால் அவனுக்கு அதில் தன் பெயரும் தொகையும் தெரியும்.

சரக்கைக் காட்டியிருந்தால் நாம் சரக்கைப் பார்த்துக்கொண்டிருப்போம். இயக்குநர் டெனி வில்நெவ் வசூலைக் காட்டுகிறார்.

ஜூன் 9, காலை 6.20

ஒரு திருத்தம். ஒரு பொட்டலம்கூட இல்லை என்று நீங்கள் சொன்னதை நான் மறுக்காமல் விட்டது தவறு. கடைசிப் பகுதியில் சுரங்கம் மெக்சிகோ பக்கம் திறக்கும் இடத்தில், சில்வியோ என்ற காவலர் தன் காவல் வண்டியோடு நிற்கும்போது மூட்டைகள் தெரிகின்றன. ஆனால் அவை ஏதோ உர மூட்டைகளைப் போல, ஒளிப்பதிவாளர் ராஜர் டீக்கின்ஸ் ஒரு கணம்கூட அருகில் போய் நிற்காத மூட்டைகள். 2019இல் வந்த கைதி படத்தில் இதற்கு நேர் எதிர்: கைப்பற்றப்பட்ட சரக்குதான் கதையின் அச்சு, அதை மீட்க ஓர் இரவு முழுவதும் ஊரே ரத்தக்களறியாகிறது. அதில் சரக்கு ஒரு புதையல். சிகாரியோவில் அது வெறும் பாரம், சுமக்கிறவனைக் கொல்லும் பாரம்.

ஜூன் 9, பிற்பகல் 3.05

இந்தப் படத்தை நான் இரண்டாம் முறை பார்த்தது செட்டிநாட்டுப் பள்ளத்தூரில், எங்கள் வீட்டுப் பட்டாலையில் (முன்கூடத்தில்). அண்ணன் மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். மடிக்கணினியை ஒரு பெட்டகத்தின் மேல் வைத்துவிட்டு இருவரும் பர்மா தேக்குத் தூணில் சாய்ந்துகொண்டோம். எல்லைப் பாலத்தில் வண்டிகள் நெரிசலில் சிக்கி நிற்கும் காட்சியில், பக்கத்து வண்டிக்குள் இருக்கிறவனின் கை எங்கே இருக்கிறது என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், மின்சாரம் போய்விட்டது. கணினி தன் பாட்டுக்கு ஓடியது. ஆனால் வீடு முழுதும் இருண்டு, திரையில் இருந்த வெயில் மட்டும் எங்கள் முகத்தில் அடித்தது. சுடுவது சில நொடிகள்தான், காத்திருப்பதுதான் காட்சி என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிடித்துவந்தவனை வைத்துக்கொண்டு விசாரிக்கும் இடத்திலும் அப்படித்தான்: அமெரிக்க அதிகாரிகளோடு சேர்ந்து வேலை செய்யும் அலெஹாந்த்ரோ ஒரு பெரிய தண்ணீர்க் குடுவையோடு உள்ளே வருகிறான், கேமரா தரையில் இருக்கும் வடிகாலைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. நடப்பதை நாம்தான் கற்பனை செய்துகொள்ள வேண்டும். அதனால்தான், நீங்கள் எண்ணிக்கொண்டிருக்கும் அளவுக்குப் பிணங்கள் உண்மையில் திரையில் விழுவதில்லை.

மின்சாரம் வந்தபோது பெரியாத்தாவும் வந்துவிட்டார். அவருக்கு எண்பத்து மூன்று வயது. சரியாக அந்த விருந்து மேசைக் காட்சி: கும்பல் தலைவன் மனைவி மக்களோடு உணவருந்திக்கொண்டிருக்கிறான், எதிரே துப்பாக்கியோடு வந்து உட்கார்ந்த அலெஹாந்த்ரோ முதலில் குடும்பத்தைச் சுட்டுவிட்டு, சாப்பிட்டு முடி என்கிறான். பெரியாத்தா கேட்டது ஒரே கேள்வி: "இலையில உட்கார்ந்தவனையாடா?" கொலை அவரைப் பாதிக்கவில்லை. பந்தியில் இருக்கிறவனை எழுப்பக்கூட கூடாது என்ற ஊரில் பிறந்தவர் அவர்.

சிரித்தோம். ஆனால் பிறகு யோசித்தபோது அந்த மேசைக்காட்சி கணக்குத் தீர்ப்பு என்பது புரிந்தது. அலெஹாந்த்ரோவின் மனைவியும் மகளும் அந்தத் தலைவனின் உத்தரவால் கொல்லப்பட்டவர்கள். இவன் வந்து மனைவியை, பிள்ளைகளை, கடைசியில் அவனை என்று அசலும் வட்டியுமாக எடுத்துக்கொண்டு போகிறான். இதில் கவனிக்க வேண்டியது, இவன் முன்பு அரசு வழக்கறிஞராக இருந்தவன். நீதிமன்றத்தில் வசூலாகாது என்று தெரிந்துகொண்ட வக்கீல்.

ஜூன் 11, இரவு 10.30

கேட்டவர் மறுபடியும் எழுதியிருக்கிறார்: வசூல், கணக்கு என்று நான் சொல்வதெல்லாம் படத்தில் எங்கே இருக்கிறது, நானாக ஏற்றிச் சொல்கிறேனா என்று. நியாயமான சந்தேகம். எங்கள் ஊர்க்காரனிடம் மாட்டினால் எந்தப் படமும் ஐந்தொகையாகத்தான் (இருப்புநிலைக் கணக்காகத்தான்) தெரியும்.

ஆனால் இருக்கிறது. வண்ண ரப்பர் பட்டையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வங்கியில் பணம் போடும் கும்பலின் ஆட்களைப் பிடிக்கும்போது கட்டுக்கட்டாகப் பணம் கிடைக்கிறது. ஒவ்வொரு கட்டும் ஒரு வகை வண்ணப் பட்டையால் கட்டியிருக்கிறது. அன்றிரவு கதாநாயகியான எஃப்.பி.ஐ. அதிகாரி கேட் (எமிலி பிளண்ட்) ஒரு மதுக்கடையில் அறிமுகமான உள்ளூர்க் காவலனை வீட்டுக்கு அழைத்து வருகிறாள். அவன் தன் சட்டைப்பையில் இருப்பதை எடுத்து மேசையில் போடுகிறான். அதில் அதே பட்டை ஒன்று கிடக்கிறது. வசனம் இல்லை. எமிலி பிளண்டின் முகம் மாறுகிறது, அவ்வளவுதான். என்னைப் பொறுத்தவரை படத்தின் மிகப் பயங்கரமான காட்சி அதுதான். சுவருக்குள் பிணங்களை அடுக்கி வைத்திருக்கும் அரிசோனா வீடுகூட இரண்டாவதுதான்.

ஏனென்றால் நான் முப்பத்தோரு ஆண்டுகள் வங்கியில் இருந்தவன், அதில் பாதிக்கு மேல் பணம் எண்ணும் மேசையில். கட்டைப் பார்த்தே பணம் வந்த இடத்தைச் சொல்ல முடியும். மீன்கடை நோட்டு விரலில் ஒட்டும். அரிசி ஆலைக் கட்டைப் பிரித்தால் தவிடு உதிரும். நகைக்கடைக் கட்டு ஓரம் பிசகாமல் செங்கல்லைப் போல் இருக்கும். உண்டியல் எண்ணிய கோவில் பணத்தில் விபூதி வாசனை போகாது. 2001இல் நோட்டுக் கட்டுகளில் ஸ்டேப்ளர் பின் அடிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொன்ன பிறகு நாங்கள் காகிதப் பட்டைக்கு மாறினோம். வாடிக்கையாளர்களோ ரப்பருக்கு மாறினார்கள்.

ஒரு கிளையில் (பெயர் வேண்டாம்) ஒருவர் வாரத்தில் நான்கு நாள் வருவார். ஒவ்வொரு முறையும் நாற்பத்தொன்பதாயிரம். 50,000 ரூபாயைத் தாண்டினால் பான் எண் கேட்க வேண்டும் என்பதை அவர் என்னைவிட நன்றாக அறிந்திருந்தார். எல்லாக் கட்டிலும் இரண்டு சுற்றுச் சுற்றிய பச்சை ரப்பர். பிறகு அதே பச்சை ரப்பர், அதே இரண்டு சுற்று, வேறு இரண்டு பேருடைய கணக்கில் வரத் தொடங்கியது. நான் எழுத்தில் தெரிவித்தேன். மேலே இருந்தவர், வைப்புத்தொகை இலக்குக்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்று என்னிடம் திருப்பிக் கேட்டார். இரண்டு மாதத்தில் எனக்கு மாறுதல் வந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்லவில்லை. மாறுதல் எல்லாருக்கும் வருவதுதான். அந்தப் பணம் கஞ்சாவா, கந்துவட்டியா, வரிக்குப் பயந்த வெறும் செங்கல் சூளையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அமெரிக்காவில் அந்த எல்லை 10,000 டாலர். அதற்கு மேல் ரொக்கம் வந்தால் வங்கி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் தப்புவதற்காகப் பிரித்துப் பிரித்துப் போடுவதே அங்கே தனிக் குற்றம். கேட் அந்தக் கணக்குகளைக் கையில் வைத்துக்கொண்டு, இதை வைத்தே வழக்குப் போடலாம் என்கிறாள். போடக் கூடாது என்கிறார்கள். பணத்தை முடக்கினால் தலைவனுக்குப் பதற்றம் வரும், பதற்றத்தில் அவன் எங்கே ஓடுகிறான் என்று பார்க்க வேண்டும். அவர்களுக்கு அது மட்டும் போதும். பேரேட்டைத் தூண்டிலில் புழுவாகக் கோத்துவிட்டார்கள். அவளுடைய கோபம் எனக்குப் புரிந்த அளவுக்குப் படத்தில் வேறு எதுவும் புரியவில்லை.

ஜூன் 12, காலை 7.00

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். என்னை நான் எமிலி பிளண்டாக நினைத்துக்கொண்டது தெரிகிறது. அண்ணன் மகன் பார்க்காமல் இருக்க வேண்டும்.

ஜூன் 16, இரவு 9.50

பேரேடு என்று சொன்னதும் ஞாபகம் வந்து, இன்று மேல்மாடி இரும்புப் பெட்டியில் கிடந்த பினாங்குக் கணக்குப் புத்தகங்களை இறக்கினேன். பாட்டையா கொண்டுவிக்க (கடல் கடந்து வட்டித் தொழில் செய்ய) போன இடம் பினாங்கு. கிட்டங்கியில் (தொழில் நடக்கும் கடையில்) பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகச் சேர்ந்து, முதலாளிக்கு அடுத்தாளாகி, பிறகு தனியாகக் கடை வைத்தவர். பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி, சிவமயம், தமிழ் எண்கள், புள்ளியே வைக்காத எழுத்து. ஒரு பக்கத்தில் செலவுக்குக் கீழே தெளிவாக இருக்கிறது: "அபின செலவு".

அபின். படிக்கும்போது கை நடுங்கியது. போன வாரம் முழுதும் மெக்சிகோக்காரனுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு இது தேவைதான்.

ஜூன் 18, காலை 11.15

திருத்தம், முழுத் திருத்தம். கானாடுகாத்தானில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். பழைய கையெழுத்தை அவர் என்னைவிட நன்றாகப் படிப்பார். அரை மணி நேரத்தில் அழைத்தார். "தம்பி, அது அபின் இல்லை. மேல்விலங்குச் சுழி இருக்கிறது பார், அது பீ. கடைசி எழுத்து ல. அபீல் செலவு." மேல்முறையீட்டுச் செலவு! வக்கீல் கூலியும் முத்திரைத்தாளும் சேர்ந்த தொகை. வாங்கியவன் கொடுக்கவில்லை, கீழ்க்கோர்ட்டில் தோற்றிருக்கிறார், மேலே போயிருக்கிறார்.

என் முதல் குறிப்பில் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது என்று துள்ளினேன். கடனைக் கேட்டு நீதிமன்றம் போக முடிந்தவருக்குத் துப்பாக்கி வேண்டியிருக்கவில்லை. நீதிமன்றம் மட்டும்கூட இல்லை. வாக்குத் தவறியவர் வீட்டுத் திருமணத்துக்கு எங்கள் நகரத்தார் கோவிலிலிருந்து வர வேண்டிய மாலை வராமல் போய்விடும் என்ற பயம் எந்தச் சம்மனையும்விட வேகமாக வேலை செய்தது என்று ஐயா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

துள்ளல் இரவு வரைதான் நின்றது. ஏன் என்று அடுத்த குறிப்பில்.

ஜூன் 19, அதிகாலை 1.10

எங்கள் வீட்டுப் பக்கத்தில் அபின் இல்லை என்பதால் அந்த ஊரில் அபின் இல்லை என்று ஆகிவிடாது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அபின் வியாபாரிகளுக்குக் கடன் கொடுத்தவர்களில் எங்கள் நகரத்தாரும் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும்) உண்டு என்பதை வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அதில் ஒளிவுமறைவே தேவைப்படவில்லை, ஏனென்றால் அது சட்டப்படியான தொழில். 1773இல் வங்காள அபினைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஏகபோகமாக்கிக்கொண்டது; பாட்னாவிலும் காசிப் பக்கமும் விளைந்து பதப்பட்டது கல்கத்தாவில் பெட்டி பெட்டியாக ஏலம் போனது. மலாயாக் கரையில் அதைக் காய்ச்சி விற்கும் உரிமையை அரசாங்கம் குத்தகைக்கு விட்டது. நம் ஊரில் கண்மாய் மீனைக் குத்தகைக்கு விடுகிற மாதிரி. பினாங்கும் சிங்கப்பூரும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களின் வருவாயில் பல ஆண்டுகளில் ஏறக்குறைய பாதி இந்த ஒரே சரக்கிலிருந்து வந்தது. 1910இல் குத்தகையை ஒழித்தார்கள், அரசாங்கமே நேரடியாக விற்பதற்காக.

இப்போது சிகாரியோவுக்குத் திரும்பி வாருங்கள். சுரங்கத்திலிருந்து திரும்பிய பிறகு கேட் கோபத்தோடு கேட்கும்போது, ரப்பர் செருப்போடு திரியும் மேட் என்ற சி.ஐ.ஏ. அதிகாரி (ஜோஷ் பிரோலின்) தன் திட்டத்தை வெளிப்படையாகவே சொல்கிறான்: கொலம்பியாவின் மெதெயீன் கும்பல் காலத்தில் ஒரே கும்பல் எல்லாவற்றையும் கையில் வைத்திருந்தது, அதில் ஓர் ஒழுங்கு இருந்தது, அந்த ஒழுங்கைத்தான் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறோம் என்று. முதல் முறை பார்த்தபோது இது எனக்கு வில்லனின் வசனமாகப் பட்டது. இப்போது அது வருவாய்த் துறைக் கோப்பில் இருக்கும் குறிப்பாகப் படுகிறது. ஒரே குத்தகைதாரன், அவனோடு பேசிக்கொள்ளலாம், கணக்குச் சுத்தமாக இருக்கும். கம்பெனிக்காரன் செய்ததும் அதுதான்.

ஆகவே நான் ஜூன் 8இல் எழுதியதைத் திருத்த வேண்டும். நீதிமன்றம் இல்லாததால் துப்பாக்கி வருகிறது என்றேன். அபினுக்கு நீதிமன்றமும் இருந்தது, ஏலமும் ரசீதும் இருந்தன. ஆனாலும் துப்பாக்கி வந்தது. 1839இல் சீனா சரக்கைப் பறிமுதல் செய்தபோது பீரங்கிக் கப்பல்களே வந்தன. 1842 வரை ஒரு போர், 1856 முதல் 1860 வரை இன்னொன்று. துப்பாக்கி கடன்காரன் வீட்டு வாசலில் நிற்காமல் வாடிக்கையாளனின் நாட்டு வாசலில் போய் நின்றது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜூன் 19, காலை 8.30

நள்ளிரவில் எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். துப்பாக்கி இல்லாத வசூல் என்று எங்கள் ஆட்களைப் பற்றிச் சற்றுப் பெருமையாக எழுதினேன். பர்மாவை மறந்துவிட்டேன். கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு ஆறு பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. நெல் விலை விழுந்து, அடமானங்கள் முழுகி, 1938இல் அது நூற்றுக்கு இருபத்தைந்தாயிற்று. ஒரு குண்டும் வெடிக்கவில்லை. எல்லாம் கோர்ட்டு முத்திரையோடுதான் நடந்தது. நிலத்தை இழந்த பர்மியக் குடியானவருக்கு அந்த முத்திரை எப்படித் தெரிந்திருக்கும் என்பதை, அந்தத் தேக்குத் தூணில் சாய்ந்துகொண்டு சிகாரியோ பார்த்தவன் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பெரியாத்தா சாப்பாட்டைப் பற்றியாவது கேட்டார்.

ஜூன் 23, மாலை 5.40

மெக்சிகோ எங்கே, நாம் எங்கே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 2021 ஏப்ரலில் தூத்துக்குடித் துறைமுகத்தில் பிடிபட்டது 300 கிலோவுக்கும் மேற்பட்ட கொக்கெய்ன். பனாமாவில் புறப்பட்டு, ஆண்ட்வெர்ப், கொழும்பு வழியாக வந்த கப்பல் பெட்டகம் (கன்டெய்னர்). சரக்கு இருந்த இடம் மரக்கட்டைகளின் வரிசைகளுக்கு நடுவே. நம் சட்டத்தில் வணிக அளவு என்பது கொக்கெய்னுக்கு 100 கிராம், கஞ்சாவுக்கு 20 கிலோ; அதைத் தாண்டினால் குறைந்தது பத்து ஆண்டுச் சிறை. கடற்கரை ஊரான தொண்டிக்கு இங்கிருந்து பேருந்து இருக்கிறது. எங்கே என்ற கேள்விக்கு இதற்கு மேல் விளக்கம் எழுத வேண்டியதில்லை.

மரக்கட்டைக் கப்பல் என்றதும் எங்கள் வீட்டுத் தூணை ஒரு முறை தட்டிப் பார்த்தேன் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

ஜூன் 30, இரவு 10.05

சில்வியோவைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று இருந்தது. படத்தில் அவனுக்கு நான்கைந்து காட்சிகள்தான்: காலையில் எழுகிறான், மகன் பந்து விளையாட வரச் சொல்கிறான், சீருடை போட்டுக்கொண்டு போகிறான். கதைக்கு இவன் எதற்கு என்று முதல் பார்வையில் எரிச்சலாகக்கூட இருக்கும். கடைசியில் அலெஹாந்த்ரோ அவனைப் பயன்படுத்திவிட்டு நெடுஞ்சாலையில் சுட்டுப் போடுகிறான். எந்தப் பேரேட்டிலும் அவனுக்குத் தனிப்பக்கம் கிடையாது, சில்லறைச் செலவு. படத்தின் கடைசிக் காட்சியில் அவன் மகன் மைதானத்தில் விளையாடுகிறான், தாய் பார்த்துக்கொண்டிருக்கிறாள், தொலைவில் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது, ஆட்டம் நிற்கிறது, எல்லாரும் அந்தத் திசையில் பார்க்கிறார்கள், பிறகு ஆட்டம் தொடர்கிறது. நடுவர் விசில் அடித்தாரா என்பது எனக்கு நினைவில்லை.

முதல் கேள்வி கேட்டவருக்கு: இந்தக் காட்சிக்காக மட்டும் இன்னொரு முறை பாருங்கள். வன்முறையை விற்க வந்த படமாக இருந்தால் இதற்கு முன்பே முடிந்திருக்கும்.

ஜூலை 2, காலை 9.20

2018இல் வந்த இரண்டாம் பாகத்தையும் பார்க்கலாமா என்று அண்ணன் மகன் கேட்கிறான். எழுதியவர் அதே டெய்லர் ஷெரிடன். வில்நெவ் இல்லை, டீக்கின்ஸ் இல்லை, கேட்டும் இல்லை. கணக்குக் கேட்க ஆளில்லாத படம். பார்க்கலாம், பெரியாத்தா தூங்கிய பிறகு.

ஜூலை 14, இரவு 8.45

கானாடுகாத்தான் அண்ணன் நேரில் வந்து அந்தப் புத்தகத்தை முழுதும் பார்த்துவிட்டுப் போனார். அபீலிலும் பாட்டையா தோற்றிருக்கிறார். இரண்டு பக்கம் தள்ளி அதே பெயருக்கு நேரே எல்லாச் செலவுகளையும் கூட்டி, அடியில் ஒரு கோடு போட்டு, "வாராக்கடன்" என்று எழுதியிருக்கிறது. வசவு ஒன்றும் இல்லை. அதற்குக் கீழே அன்று கிட்டங்கிச் சமையலுக்கு வாங்கிய அரிசியும் கருவாடும்.